மின்னலில் மதர்போர்டு போச்சு, டிஸ்க் நல்லா இருக்கு: வேறு பெட்டியில் மாட்டினால் விண்டோஸ் எழ மாட்டேங்குது

செந்தூல் அச்சகம் | சனி, இரவு 9.42

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டுவது, இதுதான் பிழைப்பு. புதன்கிழமை சாயங்காலம் மழையோடு ஒரு இடி இறங்கியது பாருங்கள், கடை மொத்தமும் டிரிப் ஆகிவிட்டது. சுவிட்சைத் தூக்கிவிட்டேன். விளக்கு வந்தது, ஃபேன் வந்தது, ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. பக்கத்துக் கடைத் தம்பி வேறு பவர் சப்ளை மாட்டிப் பார்த்தான். உள்ளே காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. "மதர்போர்டு போச்சு அண்ணே" என்றான். மோடமும் கருகிவிட்டது. லைன் வழியாக வந்து லான் வயரில் உள்ளே புகுந்திருக்கும் என்கிறான்.

டிஸ்க் பிழைத்துக்கொண்டது. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. கேசிங்கில் போட்டு வீட்டுக்காரம்மா லேப்டாப்பில் சொருகினால் எல்லா ஃபைலும் தெரிகிறது.

சரியென்று, ஏதோ ஆபீஸ் கழித்துவிட்ட பெட்டி ஒன்று, எட்டாம் தலைமுறை ஐ5, 480 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி வந்தேன். அதிலிருந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு என்னுடையதை மாட்டினேன். முதலில் "பூட் டிவைஸ் இல்லை" என்று ஒரே வரி. தங்கச்சி மகன் வந்து பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் மதர்போர்டிலேயே ஓடும் நிரல்) லெகசி என்று ஏதோ மாற்றினான். இப்போது விண்டோஸ் சின்னம் வருகிறது, புள்ளிகள் நாலு சுற்று சுற்றுகின்றன, அடுத்த நொடி நீலத்திரை. சோக முகம். கீழே "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்". தானாக ரீஸ்டார்ட் ஆகி மறுபடியும் அதே. மூன்றாவது தடவை ரிப்பேர் என்று ஏதோ ஓடி, "ரீசெட் பண்ணவா" என்று கேட்கிறது. பயந்து ஆஃப் செய்துவிட்டேன்.

பழைய பெட்டி 2012-இல் வாங்கியது. விண்டோஸ் 7 புரோ இருந்தது, 2016-இல் இலவசமாகக் கொடுத்த சமயம் 10-க்கு ஏற்றினேன். தைப்பூசத்துக்கு இரண்டு வாரந்தான். மூன்று கோயிலுக்குப் பால்குட நோட்டீஸ் நிற்கிறது. என்ன செய்யலாம்?


தே தாரேக் கூராங் மானிஸ் | சனி, இரவு 9.55

ஃபார்மட் பண்ணிட்டு புதுசா போடுங்க போஸ். யூஎஸ்பில அரை மணி நேரம். இதுக்குப் போயி ரெண்டு வாரம் டென்ஷனா?


செந்தூல் அச்சகம் | சனி, இரவு 10.20

விண்டோஸ் போட அரை மணி நேரந்தான் தம்பி. அதற்குமேல் இருப்பதுதான் என் கடை. இன்றைக்கும் தமிழ் வேலையெல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலில்தான். அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால் இருபது வருஷமாகச் சேர்த்த பழைய எழுத்துருக்கள், அவற்றுக்கான விசைப்பலகை, வாட்ஸ்அப்பில் யூனிகோடாக வருவதைப் பழைய குறியீட்டுக்கு மாற்றித் தரும் சின்ன நிரல் ஒன்று, எல்லாம் அந்த டிஸ்க்கில். சீடி எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நிரலை எழுதிக் கொடுத்தவர் இப்போது உயிரோடு இல்லை. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் சீரியல் கேபிளில் ஓடுகிறது. எழுத்துருவை நகலெடுத்துவிடலாம், மற்றதெல்லாம் எந்த மூலையில் எதை எழுதி வைத்திருக்கிறதோ யாருக்குத் தெரியும். ஃபார்மட் என்ற சொல்லை என் காதில் போடாதீர்கள்.


தே தாரேக் கூராங் மானிஸ் | சனி, இரவு 10.23

பேஜ்மேக்கர்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன் அண்ணே. ஒதுங்கிக்கிறேன்.


பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் | சனி, இரவு 11.48

ரெஸ்ட் டைமில் பார்த்தேன். அண்ணே, முதல் காரியம், அந்த ரீசெட் பக்கம் கையே வைக்காதீர்கள். "என் ஃபைல்களை வைத்துக்கொள்" என்று தேர்ந்தெடுத்தாலும் அது காப்பாற்றுவது டாக்குமென்ட், படம் இவற்றைத்தான். போட்டு வைத்த நிரல்களைத் துடைத்துவிடும். பேஜ்மேக்கர் அதோடு சரி.

டிஸ்க் நன்றாக இருந்தும் ஏன் எழவில்லை என்கிறீர்களா? டிஸ்க்கில் இருக்கிற விண்டோஸ், பழைய மதர்போர்டு எப்படி நடந்துகொள்ளும் என்று நம்பிப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஓடியது. புது போர்டு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. உங்களுக்கு இரண்டு இடத்தில் மோதியிருக்கிறது.

முதல் மோதலைத் தங்கச்சி மகன் தீர்த்துவிட்டார். 2012 பெட்டியில் விண்டோஸ் 7 பெரும்பாலும் பழைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில்தான் போட்டிருப்பார்கள். 7-இன் மேலேயே 10-ஐ ஏற்றினால் அந்த எம்பிஆர் மாறாது. புது பெட்டி யூஇஎஃப்ஐ, பழைய பயாஸுக்கு அடுத்து வந்த முறை. அது டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது முதல் துண்டை, பார்ப்பதில்லை. ஃபேட்32-இல் சின்னதாக ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) இருக்கும், அதற்குள் இஎஃப்ஐ கோப்பு ஒன்று இருக்கும் என்று தேடும். உங்கள் டிஸ்க்கில் அப்படி ஒரு பார்ட்டிஷனே கிடையாது. அதனால்தான் "டிவைஸ் இல்லை". செக்யூர் பூட் என்ற காவலை அணைத்து லெகசியைத் திறந்ததும் பழைய முறையில் முதல் செக்டரைப் படித்தது, விண்டோஸ் ஏறத் தொடங்கியது.

இரண்டாவது மோதல்தான் நீலத்திரை. தொடக்கத்தில் டிஸ்க்கை விண்டோஸுக்குப் படித்துக் கொடுப்பது பயாஸ். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்து உட்கார்ந்ததும் பயாஸ் கையை விட்டுவிடும். அதன்பிறகு விண்டோஸ் தன் சொந்த டிரைவரால்தான் (வன்பொருளோடு பேசும் சின்ன நிரல்) டிஸ்க்கைப் படிக்க வேண்டும். சரியான டிரைவர் கையில் இல்லையென்றால், தான் எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்ததோ அதே டிஸ்க் அதன் கண்ணுக்குத் தெரியாது. சின்னமும் புள்ளியும் வந்த பிறகு விழுவது அதனால்தான். எக்ஸ்பி காலத்திலிருந்து இதே கோளாறுதான், அப்போது திரையில் 7பி என்று எண்ணாக வரும்.

ஆபீஸுக்கென்று செய்யும் பெட்டிகள் பலவற்றில் உள்ளே ஒரே டிஸ்க் இருந்தாலும் சாட்டா என்ற டிஸ்க் இணைப்பை ரெய்டு (பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும்) முறையில் வைத்தே அனுப்புவார்கள். அந்த முறைக்கு இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவர் தொடக்கத்திலேயே ஏறியாக வேண்டும். உங்கள் விண்டோஸ் அதை ஒருநாளும் பயன்படுத்தியிருக்காது. ஏஎச்சிஐ என்ற சாதாரண முறை என்றால் விண்டோஸிடம் இருக்கிற பொது டிரைவரே போதும். பயாஸில் சாட்டா ஆபரேஷன், சாட்டா மோட் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். ரெய்டு என்று இருந்தால் ஏஎச்சிஐ ஆக்குங்கள். அப்படியும் விழுந்தால், மூன்று தடவை விழுந்த பிறகு வரும் ரிப்பேர் திரையில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் ஒரு தடவை சேஃப் மோடில் ஏற்றிப் பாருங்கள். பல தடவை அதுவே டிரைவரைச் சரிப்படுத்திவிடும்.

பெட்டியோடு வந்த டிஸ்க்கை எப்போதாவது திரும்ப மாட்டினால் ரெய்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் அதற்கு இதே சோக முகம்.

பெல் அடித்துவிட்டது. காலையில் வருகிறேன்.


பட்டர்வொர்த் ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, காலை 7.30

நைட் ஷிப்ட் சொன்னது எல்லாம் கரெக்ட். ஆனா முக்கியமான ஒண்ண விட்டுட்டாரு. டிஸ்க்க மாட்டி ஏத்துறதுக்கு முன்னாடி இமேஜ், அதாவது டிஸ்க்கோட முழு அச்சு, எடுக்கணும். இருபது வருஷ வேலைன்றீங்க, அது ஒரே ஒரு எஸ்எஸ்டில இருக்கு, அதுவும் இடி வாங்குன பெட்டில இருந்தது. ஒவ்வொரு தடவ ஏத்திப் பாக்குறப்பவும் விண்டோஸ் அதுல எதையாவது எழுதலாம், ரிப்பேர்னு ஓடுச்சே அதுவும் எழுதும். குளோன்ஸில்லான்ற நகலெடுக்கிற நிரல யூஎஸ்பில போட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு முழு இமேஜ். ஃபைல காப்பி பண்ணி வைக்கிறது வேற, இது வேற. ஃபைல் காப்பில இருந்து பேஜ்மேக்கர் எழாது.

இன்னொண்ணு, குளோன் பண்ண டிஸ்க்கையும் ஒரிஜினலையும் ஒரே பெட்டில சேர்த்து மாட்டாதீங்க. ரெண்டுக்கும் ஒரே சிக்னேச்சர் (அடையாள எண்), விண்டோஸ் ஒண்ண ஆஃப்லைன்ல தள்ளிடும்.

நல்லவேள உங்க பெட்டி ஓடிக்கிட்டிருந்தப்பவே செத்துச்சு. ஏன் சொல்றேன்னா, விண்டோஸ் 8-ல இருந்து ஷட் டவுன்னு அழுத்துனா அது முழுசா ஷட் டவுன் ஆறதில்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு, கெர்னல அப்படியே டிஸ்க்குல தூங்க வச்சிட்டுப் போவும். என்கிட்ட ஒரு பையன் வந்தான். அழகா ஷட் டவுன் பண்ணி, டிஸ்க்க கழட்டி, வேற பெட்டில ரெண்டாவது டிஸ்க்கா மாட்டி, இடம் பத்தலன்னு நாப்பது ஜிபி அழிச்சிருக்கான். திரும்ப பழைய லேப்டாப்ல மாட்டுனா, தூங்கி எழுந்த கெர்னலுக்கு அழிச்சதே தெரியாது, பழைய கணக்க வச்சிக்கிட்டு எழுத ஆரம்பிச்சிருச்சு. ஃபோல்டர் பேரெல்லாம் சைனீஸ் மாதிரி ஆயிருச்சு. டிஸ்க்க கழட்டப் போறீங்கன்னா ஷிப்ட் கீய புடிச்சிக்கிட்டு ஷட் டவுன் அழுத்துங்க, இல்ல ரீஸ்டார்ட் குடுத்து பயாஸ்ல நிறுத்தி ஆஃப் பண்ணுங்க. வெறும் ஷட் டவுனவிட ரீஸ்டார்ட்தான் நெசமான ஷட் டவுன். இத நான் கஸ்டமர்ட்ட சொன்னா சிரிக்கிறாங்க.


செத்தாபாக் தம்பி | ஞாயிறு, பகல் 11.05

லினக்ஸ் ஆளா ஒரு சாட்சி. மேல அண்ணன் சொன்ன தூக்கத்த லினக்ஸ் கண்டுபிடிச்சிடும். அப்படித் தூங்குற விண்டோஸோட என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன எழுத விடாது, படிக்க மட்டுந்தான் திறக்கும். நான் முதல்ல டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அழுதேன்.


செந்தூல் அச்சகம் | ஞாயிறு, மாலை 5.15

பட்டர்வொர்த் அண்ணன் பேச்சைக் கேட்டு முதலில் இமேஜ் எடுத்தேன். தங்கச்சி மகன் குளோன்ஸில்லா போட்டுக் கொடுத்தான். கறுப்புத் திரையில் நூறு கேள்வி கேட்கிறது, எது மூலம், எது இலக்கு என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் எண்டர் தட்டினோம். ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆனது. கோழி பிரியாணி தாப்பாவ் (பார்சல்) வாங்கி வந்து அங்கேயே சாப்பிட்டோம்.

பிறகு பயாஸ். நைட் ஷிப்ட் சொன்ன வரி இருந்தது: டிசேபிள்டு, ஏஎச்சிஐ, ரெய்டு ஆன். புள்ளி மூன்றாவதில். இரண்டாவதுக்கு மாற்றினேன். "இதை மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம்" என்று எச்சரித்தது. எழாததால்தானே ஐயா மாற்றுகிறேன்.

சின்னம் வந்தது. புள்ளி சுற்றியது. நாலு, அஞ்சு, பத்து. பிறகு "கெட்டிங் டிவைசஸ் ரெடி" என்று விழுக்காடு ஓட ஆரம்பித்தது. முப்பத்தைந்தில் கொஞ்ச நேரம் நின்றபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு ரீஸ்டார்ட். அப்புறம் என் கடையின் பழைய திரை, பிள்ளையார் படத்தோடு. பேஜ்மேக்கர் திறந்தது. எழுத்துரு எல்லாம் இருக்கிறது.

ஆனால் மூன்று குறை. ஸ்டிக்கர் மெஷின் வேலை செய்யவில்லை. லேசர் பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது. மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று எழுத்து நிழல்போல நிற்கிறது.


டீச்சர் பிறை | ஞாயிறு, மாலை 6.02

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தனி இழை தொடங்கலாமா என்று தெரியவில்லை, கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான். என் லேப்டாப்பில் தேநீர் கொட்டி போர்டு போய்விட்டது. விண்டோஸ் 11 ஹோம். என் கணவரிடம் அதே வகை லேப்டாப் இருப்பதால், என் எம்.2 டிஸ்க்கை அதில் மாட்டிப் பார்த்தோம். நீலத்திரைதான், ஆனால் சோக முகம் இல்லை. 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்த எண்ணும் வைக்கவில்லை, எதையும் பூட்டவும் இல்லை. கடையில் கேட்டால், "டேட்டா போச்சு டீச்சர், ஃபார்மட் பண்ண 150 வெள்ளி" என்கிறார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்களின் மதிப்பீடு, ஐந்து வருட வினாத்தாள் எல்லாம் அதில் இருக்கின்றன.


பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் | ஞாயிறு, மாலை 6.40

டீச்சர், பணம் கொடுத்துவிடாதீர்கள். அது பிட்லாக்கர், டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி. ஹோமில் அதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர். நீங்கள் பூட்டவில்லை என்பது உண்மைதான். புது லேப்டாப்பை மைக்ரோசாப்ட் கணக்கோடு தொடங்கி வைத்தால் அதுவே பூட்டிக்கொள்ளும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகமான கம்ப்யூட்டர்களில் இப்படி நடக்கிறது. சாவி மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் சில்லில் இருந்ததால் தினமும் உங்களைக் கேட்காமலே திறந்து வந்தது. கணவரின் லேப்டாப் அச்சாக அதே மாடலாக இருந்தாலும் அதன் டிபிஎம் வேறு. அதனிடம் உங்கள் சாவி இல்லை.

ஆனால் பூட்டும்போதே மாற்றுச் சாவியை அந்த மைக்ரோசாப்ட் கணக்குக்கு அனுப்பி வைத்துவிட்டுத்தான் பூட்டும். கணக்கில் நுழைந்து, உங்கள் சாதனங்கள் பகுதியில் ரிக்கவரி கீ என்று பாருங்கள். திரையில் கீ ஐடி என்று எட்டு எழுத்துத் தொடக்கம் தெரியும், அதோடு பொருந்துவதை எடுங்கள்.

செந்தூல் அண்ணே, உங்களுடையது பிறகு எழுதுகிறேன், கொஞ்சம் பசியாறிவிட்டு.


டீச்சர் பிறை | ஞாயிறு, இரவு 7.25

என் கணக்கில் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "சாவி எதுவும் பதிவேற்றப்படவில்லை" என்கிறது.


பட்டர்வொர்த் ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, இரவு 7.31

டீச்சர், லேப்டாப் வாங்குன அன்னிக்கு யாரு செட்டப் பண்ணிக் குடுத்தா?


டீச்சர் பிறை | ஞாயிறு, இரவு 7.34

என் அக்கா மகன்.


பட்டர்வொர்த் ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, இரவு 7.35

அவருக்கு போன் போடுங்க.


பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் | ஞாயிறு, இரவு 8.50

செந்தூல் அண்ணே, மூன்றும் ஒரே மூலம்.

விண்டோஸ் உங்கள் பழைய போர்டை இன்னும் மறக்கவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மேலே வியூவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். மங்கலாக ஒரு பட்டாளமே நிற்கும்: பழைய லான், பழைய சவுண்ட், பழைய சீரியல் போர்ட். ஆவிகள். தீங்கில்லாதவைதான், ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பிரிண்டருக்கு: பழைய லான் கார்டில் நிலையான ஐபி (நெட்வொர்க் எண்) கொடுத்து வைத்திருந்தீர்களா? புது லான் கார்டுக்கு அந்த அமைப்பு வராது, அது ரவுட்டர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். உங்கள் மோடமும் புதிது, அதன் ஐபி வரிசையே மாறியிருக்கலாம். பழைய எண்ணைத் திரும்பக் கொடுத்தால் "வேறொரு அடாப்டரிடம் இருக்கிறது" என்று சொல்லும். அந்த வேறொரு அடாப்டர் செத்துப்போன போர்டில் இருந்தது. மங்கலான லானை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

ஸ்டிக்கர் மெஷின்: புது பெட்டியில் சீரியல் போர்ட் இருக்கிறதா, இல்லை யூஎஸ்பி மாற்றியா?


செந்தூல் அச்சகம் | ஞாயிறு, இரவு 9.20

சீரியல் போர்ட் இல்லை. யூஎஸ்பி மாற்றி 25 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறேன். காம் 5 என்று காட்டுகிறது. வெட்டும் நிரலில் காம் 1, காம் 2 மட்டுந்தான் தேர்வு செய்ய முடியும். காம் 1 ஆக்கலாம் என்று போனால் "பயன்பாட்டில் உள்ளது" என்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று மண்டை காய்ந்தேன். இப்போது புரிகிறது, அந்த ஆவிதான்.


செந்தூல் அச்சகம் | ஞாயிறு, இரவு 9.48

மங்கலான காம் 1-ஐ நீக்கினேன். யூஎஸ்பி மாற்றியின் பிராப்பர்ட்டிஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அங்கே காம் 1. ஓம் என்ற எழுத்தை வெட்டச் சொன்னேன், கத்தி இறங்கி அழகாக வெட்டியது. பிரிண்டரும் வந்துவிட்டது, நீங்கள் சொன்ன மாதிரி மோடத்தின் வரிசைதான் மாறியிருந்தது. ஆக்டிவேஷன் மட்டும் பாக்கி.


பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் | ஞாயிறு, இரவு 10.15

பழைய லைசென்ஸ் பெட்டியோடு வந்ததா, தனியாகக் காசு கொடுத்து வாங்கியதா என்பதில்தான் விஷயம். பெட்டியோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டுக்குச் சொந்தம், அதோடு போய்விட்டது. தனியாக வாங்கிய ரீடெய்ல் என்றால் புது போர்டுக்குக் கொண்டுவரலாம். மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம். இந்த வசதி 2016-இல் வந்தது.

உங்களுடையது ஓஇஎம் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கவலை வேண்டாம். இப்போது வாங்கிய பெட்டி ஆபீஸ் பெட்டி. அது புரோவோடு வந்திருந்தால் அந்த உரிமம் அந்த போர்டிடம் இருக்கும். உங்களுடையதும் புரோ. டிரபிள்ஷூட்டரை ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பேசாமல் பச்சை டிக் போட்டுவிடும். உங்களுடையது ஹோமாக இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.


செத்தாபாக் தம்பி | ஞாயிறு, இரவு 10.40

இதுக்குத்தான் சொல்றேன் லினக்ஸுக்கு வாங்கன்னு. ஒரே உபுந்து லினக்ஸ் டிஸ்க், மூணு லேப்டாப் பாத்தாச்சு. டிரைவர் எல்லாம் கெர்னலோடயே இருக்கு, டிஸ்க்க யூயூஐடின்ற அடையாள எண்ண வச்சு தேடிக்கும், லைசென்ஸ்னு ஒரு பேச்சே இல்ல.

நேர்மையா சொல்லணும்னா ரெண்டு தடவ அடி வாங்கியிருக்கேன். ஒரு லேப்டாப்ல என்விடியா கிராபிக்ஸ் டிரைவர் போட்டிருந்தேன், அது இல்லாத லேப்டாப்ல மாட்டுனதும் கறுப்புத் திரை. இன்னொரு தடவ, லினக்ஸ ஏத்துற கிரப்ப நானே கைல போட்ட டிஸ்க்கு. யூஇஎஃப்ஐ பெட்டில "இந்த டிஸ்க்குல இந்தக் கோப்ப ஓட்டு"ன்ற பதிவு டிஸ்க்குல இருக்காது, மதர்போர்டுக்குள்ள இருக்கும். டிஸ்க்க மாத்துனா பதிவு பழைய போர்டுலயே தங்கிடும். இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல பூட்னு ஒரு பொது ஃபோல்டர் இருந்தா புது போர்டு அத எடுத்துக்கும். விண்டோஸ் அத தானே போட்டு வைக்கும். நான் போட்டு வைக்கல. லைவ் யூஎஸ்பில நுழைஞ்சு பதிவ புதுசா எழுத வேண்டியதாச்சு.

ஃபெடோரான்ற லினக்ஸ் வச்சிருக்கிற ஆளுங்க இன்னும் கவனமா இருக்கணும். தொடக்கத்துல ஏறுற பொதியில அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய டிரைவர மட்டுந்தான் கட்டி வைக்கும். பூட் மெனுவுல ரெஸ்கியூன்னு இருக்கும், அதுல எல்லா டிரைவரும் இருக்கு, முதல் தடவ அதுல ஏத்துங்க.


பட்டர்வொர்த் ஸ்க்ரூடிரைவர் | ஞாயிறு, இரவு 10.52

தம்பி, பேஜ்மேக்கர ஓட்டிக் காட்டு, நானும் வரேன்.

டீச்சர் எம்.2ன்னு சொன்னதால ஒண்ணு. எம்.2ன்றது வெறும் வடிவந்தான். 2280ன்னா 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம், அவ்வளவுதான். உள்ள சாட்டாவும் இருக்கலாம், அதவிட வேகமான என்விஎம்இயும் இருக்கலாம். கச்சிதமா உக்காரும், திருகாணியும் போடலாம், பயாஸ்ல மட்டும் தெரியாது. கடைல விளிம்பப் பாருங்க. ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டுன்னா பெரும்பாலும் என்விஎம்இ. "பெரும்பாலும்"ன்னு ஏன் சொல்றேன்னா என்கிட்டயே ஏமாத்துனது ஒண்ணு இருக்கு.

இன்டெல் பதினோராம் தலைமுறைல இருந்து லேப்டாப்ல விஎம்டின்னு வேற ஒண்ணு வந்திருக்கு. செந்தூல் அண்ணன் ரெய்டுல பட்ட அதே பாடு, பேரு மட்டும் வேற. டிஸ்க்க மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பயாஸையும் பாத்து ஒண்ணா வச்சிட்டா முக்காவாசி நீலத்திரை வராது.


டீச்சர் பிறை | திங்கள், இரவு 8.10

அக்கா மகன் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவன் கணக்கில்தான் இருந்தது! லேப்டாப் வாங்கிய அன்று என் கடவுச்சொல் எனக்கே நினைவுக்கு வராததால் அவனுடையதைப் போட்டு முடித்திருக்கிறான். பிறகு என் கணக்கைச் சேர்த்தானாம், சாவி போனது முதல் கணக்குக்கு. கீ ஐடி பொருந்தியது. தொலைபேசியில் அவன் வாசிக்க நான் தட்டினேன், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஐந்தாவதில் ஓர் எண்ணைப் பிசகாகத் தட்டியதும் அந்தத் தொகுதியை மட்டும் தவறு என்றது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திறந்துவிட்டது. கைகால் ஆட்டம் இன்னும் நிற்கவில்லை.


பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் | திங்கள், இரவு 8.35

ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடும் எண். வகுபடவில்லை என்றால் தட்டச்சுப் பிழை. வகுப்பில் கணக்குப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் டீச்சர்.

அந்த லேப்டாப்பிலேயே தொடர்ந்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், பழைய டிபிஎம்முக்கான சாவிப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தினமும் 48 இலக்கந்தான். வினாத்தாளை எடுப்பது மட்டுந்தான் வேலை என்றால், இன்று இரவே நகலெடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கணவரும் அவர் லேப்டாப்பைத் திரும்பக் கேட்பார்.


செந்தூல் அச்சகம் | திங்கள், இரவு 9.05

பச்சை டிக் விழுந்தது. முதல் கோயில் நோட்டீஸ் 2,000 அடித்து முடித்தாயிற்று.

ஒரு கேள்வி. 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்களே, இந்தப் பெட்டி 11 தாங்குமா?


பட்டர்வொர்த் ஸ்க்ரூடிரைவர் | திங்கள், இரவு 9.22

எட்டாம் தலைமுறை தாங்கும். ஆனா 11-க்கு யூஇஎஃப்ஐ வேணும், உங்க டிஸ்க் எம்பிஆர். எம்பிஆர்டூஜிபிடின்னு விண்டோஸ்லயே ஒரு கருவி 2017-ல இருந்து இருக்கு, எதையும் அழிக்காம ஜிபிடின்ற புது முறைக்கு மாத்தும். முதல்ல வேலிடேட் ஓட்டிப் பாருங்க, மூணு பார்ட்டிஷனுக்கு மேல இருந்தா முரண்டு பிடிக்கும். மாத்துன கையோட பயாஸ்ல லெகசிய எடுத்துட்டு யூஇஎஃப்ஐ வைக்கணும்.

எல்லாம் பூசத்துக்கு அப்புறம். ஓடுற வண்டிய இப்ப திறக்காதீங்க. என்னக் கேட்டா அப்பவும் ஏத்த வேணாம். பேஜ்மேக்கருக்கு இந்த டிஸ்க்க இன்டர்நெட் இல்லாம தனியா வச்சிட்டு, ஈமெயில், பேங்க்குக்கு இன்னொரு டிஸ்க்குல 11 சுத்தமா போடுங்க. நைட் ஷிப்ட் ஒத்துக்க மாட்டாரு.


பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் | திங்கள், இரவு 11.50

ஒத்துக்கொள்ளவில்லை. என் வீட்டு விண்டோஸ் மூன்று மதர்போர்டு மாறி இன்னும் அதே இன்ஸ்டால்தான். பழைய போர்டின் ஃபேன், லைட் மென்பொருளை நீக்கிவிட்டால் போதும். ஆனால் பூசம் முடியட்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.


செந்தூல் அச்சகம் | வியாழன், காலை 9.10

போச்சு. மறுபடியும் "பூட் டிவைஸ் இல்லை". நேற்று இரவு வரை ஓடியது. யாரும் தொடவில்லை. இரண்டாவது கோயில் ஆள் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.


பட்டர்வொர்த் ஸ்க்ரூடிரைவர் | வியாழன், காலை 9.14

நைட்டு பிளக்க புடுங்கினீங்களா?


செந்தூல் அச்சகம் | வியாழன், காலை 9.16

ஆமாம். இடிக்குப் பயந்து நேற்றிலிருந்து கடை சாத்தும்போது பிளக்கையும் லான் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறேன். பயாஸ் திரையின் மூலையில் தேதி 2018 என்று காட்டுகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?


பட்டர்வொர்த் ஸ்க்ரூடிரைவர் | வியாழன், காலை 9.19

அதேதான். போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போச்சு. சிஆர்2032. கரண்ட் இருக்கிற வரைக்கும் தாங்கிட்டிருந்துச்சு, பிளக்க புடுங்குனதும் பயாஸ் ஃபேக்டரி செட்டிங்குக்குப் போயிருச்சு. யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட், ரெய்டு, எல்லாம் பழையபடி. இப்போதைக்கு அந்த மூணையும் திரும்ப மாத்தி ஏத்துங்க, கோயில் ஆளுக்கு அடிச்சுக் குடுங்க. சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டு பேட்டரிய மாத்துங்க. பிளக்க புடுங்குற பழக்கம் நல்ல பழக்கம், விட்டுடாதீங்க.


செந்தூல் அச்சகம் | வியாழன், மாலை 6.45

எதிர்க்கடையில் பேட்டரி 4 வெள்ளி. மாற்றிவிட்டு, பயாஸில் அந்த மூன்று வரியையும் எப்படி வைத்திருக்க வேண்டும் என்று ஸ்டிக்கரில் அடித்து மெஷினிலேயே வெட்டிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துச் சொருகிப் பார்த்தேன், நேராகப் பிள்ளையார் வந்துவிட்டார்.

மூன்றாவது கோயில் நோட்டீஸில் நேரம் மாற்றுகிறார்களாம். அது விண்டோஸ் தப்பு இல்லை.